கிடாரத்துக்குக் குழாய் வைக்கப் போய்…

எவர்சில்வர் கிடாரத்தைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுக்காதீர்கள். கடுப்பு இன்னும் தீரவில்லை, அதனால் இதையே முதலில் சொல்கிறேன்.

வீட்டில் 20 லீற்றர் இஞ்சி பியர் போடத்தான் இந்தப் பாடெல்லாம். (மால்ட் பியர் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைக் காய்ச்சினால் மதுவரிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.)

திருகோணமலைப் பாத்திரக் கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது அலுமினியக் கிடாரம். "கலியாண வீட்டுக்கோ தங்கச்சி? இதத்தான் எல்லாரும் கொண்டு போறவை." சோற்றுக்குச் சரி. இஞ்சி பியரில் சேரும் தேசிக்காய்ப் புளி ஊறிக் கிடந்தால் அலுமினியம் அரிக்கும், ருசியும் கெடும். நாகம் பூசிய வாளி அதைவிட மோசம், புளியில் நாகம் கரைந்து வயிற்றைப் புரட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று ஒருவர் காட்டினார். காந்தம் மலிவான 201 என்ற எவர்சில்வர் ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது! அடியில் 304 என்று, சாப்பாட்டுச் சாமானுக்கு ஏற்ற ரகத்தின் எண், அடித்திருக்கிறதா என்று பாருங்கள். 20 லீற்றருக்கு 25 லீற்றராவது கொள்ள வேண்டும், நுரைக்கு இடம் வேண்டுமே.

கிடாரம் கிடைத்தது. குழாய்தான் வினை. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஓட்டை போடுங்கள், மண்டி கீழே தங்கட்டும் என்று பட்டறைக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "எல்லாம் தெரியும்" என்றார். அடியோடு ஒட்ட ஓட்டை போட்டு, இரும்புக் கேற் ஒட்டும் கம்பியாலேயே குழாயையும் ஒட்டி வைத்திருந்தார். வீட்டில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். விடிந்து பார்த்தால் வெல்டிங்கைச் சுற்றித் துரு! திரும்பக் கொண்டுபோனால், "சாப்பாட்டுச் சாமானெண்டு நீங்க சொல்லேல்லையே" என்கிறார். கிடாரத்தில் வேறென்ன, மண்ணா அள்ளுவார்கள்? காசு திரும்பி வரவில்லை.

மெல்லிய எவர்சில்வரை ஒட்டுவதென்றால் ஆர்கன் வாயு வெல்டிங்தான் நல்லது. ஆனால் ஒட்டவே தேவையில்லை. தண்ணீர் பில்டருக்கு விற்கும் எவர்சில்வர் குழாயை ஹார்ட்வெயார் கடையில் தனியாக வாங்கலாம். பழைய வெல்டிங்கை அராவி எடுத்துவிட்டு, உள்ளும் வெளியுமாக சிலிக்கன் வாஷர் போட்டு நட்டை இறுக்கினேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. கறுப்பு றப்பர் வாஷர் வேண்டாம், கொதித்தால் மணக்கும். ஓட்டை தாழ்வாகிவிட்டதால் இப்போது கிடாரத்தைக் குழாய்ப் பக்கம் சற்று உயர்த்தி வைத்து மண்டியைப் பின்னுக்கு ஒதுக்குகிறேன்.

இன்னொன்று. 20 லீற்றரையும் அடுப்பில் ஏற்றாதீர்கள். வீட்டுக் காஸ் குக்கர் அந்தப் பாரத்துக்குச் செய்ததில்லை, நம்மூர் வெக்கையில் இரவு முழுக்க ஆறவும் ஆறாது. இஞ்சியையும் சீனியையும் 8 லீற்றரில் கொதிக்க வைத்து, மீதிக்கு ஏற்கனவே கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள். கைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் ஈஸ்ட், கை பொறுக்காத சூட்டில் போட்டால் செத்துவிடும்.

அப்புறம், கண்ணாடிப் போத்தலில் அடைக்கவே வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் அடைத்து, அவ்வப்போது அமத்திப் பாருங்கள். கல்லுப்போல் இறுகியதும் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். இந்தச் சூட்டில் அதற்கு ஒரு நாளே போதும்.