மட்குரத்தின் வழியே பொட்டாஷ் கரைசலை விட்டுப் பார்த்தேன்

மட்குரம் சத்துகளைப் பிடித்துவைப்பது சல்லடை மாதிரியா, இல்லை ஒன்றை வாங்கி இன்னொன்றை விடும் அயனிப் பரிமாற்றமா என்று பார்க்க ஆசை. போன வாரம் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை வைத்து ஆரம்பித்தேன். அடி வெட்டிய இரண்டு பாட்டில்களைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, ஒன்றில் கழுவிய மணல், இன்னொன்றில் மணலோடு பத்தில் ஒரு பங்கு மட்குரம் போட்டேன். மணலிலிருந்து நீலம் அப்படியே ஒழுகியது. மட்குரத்திலிருந்து வந்தது வெறும் டீ நிறத் தண்ணீர். அடுத்து இயோசின் சிவப்பை விட்டால், இரண்டிலுமே சிவப்பு இறங்கிவிட்டது. முன்னது நேர்மின் சாயம், பின்னது எதிர்மின் சாயம். மட்குரம் சல்லடை மாதிரி வடிகட்டுகிறது என்றால் இரண்டுமே நின்றிருக்க வேண்டுமே! நின்றது நேர்மின் மட்டும், அப்படியானால் மட்குரத்தில் இருப்பது எதிர்மின்னூட்டம்.

ஆனால் இது பிடித்துவைப்பதை மட்டும்தான் காட்டியது. ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வர வேண்டும், அதுதானே பரிமாற்றம்? 1850-இல் ஜான் தாமஸ் வே என்ற ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் அமோனியம் உப்புக் கரைசலை மண் வழியே விட்டபோது, அமோனியம் தங்கி, கால்சியம் வெளியே வந்ததைப் பதிவு செய்தார். எனக்கு அமோனியத்துக்குப் பதில் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் உரம். கால்சியத்தை அளக்க, மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் நீர்க் கடினத்தன்மைச் சொட்டு மருந்து. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே காட்டும்; நிறம் மாற எவ்வளவு அதிகச் சொட்டு தேவையோ, அவ்வளவு அதிகம் இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் முறை சொதப்பல். குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டேன், அதிலேயே கால்சியம் இருந்தது. இரண்டாம் முறை டிஸ்டில்டு வாட்டர். ஆனால் மட்குரத்தில் ஒட்டாமல் கிடந்த உப்புகளே முதலில் கரைந்து வந்தன. சரி என்று, வடியும் நீர் 3 சொட்டுக்கு இறங்கும்வரை கழுவிக்கொண்டே இருந்தேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

அப்புறம்தான் 1 சதவீதப் பொட்டாஷ் கரைசல், 100 மில்லி. மணலில் 2 சொட்டுக்கே நிறம் மாறிவிட்டது. மட்குரத்தில் 30 சொட்டு விட்டும் மாறவில்லை. பழுப்பு வேறு கண்ணை ஏமாற்றியது. வடிந்ததைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பார்த்தேன்: 11 சொட்டு, அதாவது 110-க்குச் சமம்! வெறும் தண்ணீருக்கு அசையாத கால்சியமும் மக்னீசியமும் பொட்டாசியம் வந்ததும் இடத்தைக் காலி செய்திருக்கின்றன. தனியாகப் பார்த்தால் கால்சியம்தான் இறுக்கமாக ஒட்டும், இரட்டை மின்னூட்டம் அல்லவா. பொட்டாசியம் கூட்டமாக வந்ததால் ஜெயித்தது.

இந்த இடங்கள் மட்கிலுள்ள கார்பாக்சில், ஃபீனால் என்ற அணுத் தொகுதிகள். ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்தால்தான் அவற்றுக்கு எதிர்மின்னூட்டம் கிடைக்கும், அதனால் புளித்த (அமில) மண்ணில் அதே மட்கு குறைவாகத்தான் பிடிக்கும். நன்கு மட்கிய பொருள் கிலோவுக்கு 200 சென்டிமோல் (பிடிக்கும் மின்னூட்டத்தை எண்ணும் அலகு) அளவுக்குப் பிடிக்கக்கூடியது. கேயோலினைட் களிமண் 15-ஐத் தாண்டுவதே அரிது.

கூட்டமாக வந்த பொட்டாசியம் கால்சியத்தைத் துரத்திவிடுவதால், செடித் தொட்டிகளுக்கு இனி பொட்டாஷை ஒரேயடியாகக் கொட்டப் போவதில்லை, பிரித்துப் பிரித்துத்தான். நைட்ரேட்டும் இயோசின் மாதிரி எதிர்மின் கட்சி. அடுத்த வாரம் சோதனைப் பட்டையோடு அதை இதே பாட்டில்களில் விட்டுப் பார்க்க வேண்டும்.