சைத்தியோ மலையேறிய டின் அடுப்பு

2019 ஜனவரியில் பர்மாவின் பௌத்த யாத்திரைத் தலமான சைத்தியோ பொற்பாறைக்கு நடந்தே ஏறுவது என்று முடிவானதும், யாங்கூன் வீட்டின் பின்கட்டில் அமர்ந்து விறகிலிருந்து பிரியும் வாயுவை எரிக்கும் மரவாயு அடுப்பு ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். கின்பூன் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடைவழியில் தேநீர்க் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே அடுப்பைச் சுமந்து போவானேன் என்று மச்சான் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதலில் கையில் அகப்பட்டது கெட்டிப்பால் டின். பர்மாவில் அரிசி அளப்பதே அந்த டின்னால்தான்; எட்டு டின் சேர்ந்தால் ஒரு பியி என்னும் அளவு. அதில் நான் ஆணி அடித்ததைப் பார்த்த அம்மா, "அளக்கிற டின்ல ஓட்டை போட்டா வீடு வெளங்குமா?" என்று கடிந்துகொண்டார். டின்னும் குட்டையாக இருந்ததால், தீ பிடிப்பதற்குள் விறகு தீர்ந்தது.

பிறகு லிச்சிப்பழ டின் ஒன்றின் அடியில் சல்லடை போலவும், வாய்விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே சுற்றிலும் ஒரு வரிசையாகவும் துளையிட்டேன். அதைவிட அகலமும் உயரமும் கொண்ட பால்மாவு டின்னைக் கவிழ்த்து, மேலே வந்த அடித்தகட்டில் லிச்சி டின் இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டினேன். தரையைத் தொடும் விளிம்பில் காற்று நுழைய வாசல்கள் வைத்தேன். உள்டின் விளிம்பில் தொங்கி நிற்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. இரு சுவர்களுக்கும் நடுவே ஏறும் காற்று சூடாகி மேல்துளைகள் வழியே உள்டின்னுக்குள் பாய்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வட்டம் தளர்ந்தால் அந்தக் காற்று தப்பிவிடும். இன்னொரு லிச்சி டின்னின் மேற்பாதியில் சாளரங்கள் வெட்டி, பாத்திரம் வைக்கும் வளையமாக்கினேன்.

வீட்டில் நான் அடியிலிருந்து பற்றவைத்ததால் தெருவே இருமியது. இந்த அடுப்பை மேலிருந்துதான் பற்றவைக்க வேண்டும்: நெருப்பு மெல்லக் கீழிறங்க, அதன் சூட்டில் விறகிலிருந்து பிரியும் வாயு மேலே கனலும் கரியைக் கடந்து, துளைக்காற்றைச் சந்தித்து எரியும். 1985 வாக்கில் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட் இந்த மேல்பற்று முறையை ஆராயத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது வண்டிகள் ஓடியதும் மரவாயுவில்தான். அதில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் கூடாரத்துக்குள் வைத்து எரிப்பது உயிருக்கு ஆபத்து.

பாதி வழியில் ஒரு கடைக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டு, ஓரமாக ஒரு பாறைமேல் அடுப்பை வைத்தேன். மூங்கிலை முழுக்கணுவாகப் போட்டால் வெடிக்கும் என்பதால், விரல் நீளத்துக்குப் பிளந்து நெட்டுக்குத்தாக அடுக்கி, மேலே மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். சில நிமிடங்களில் புகை அடங்கி, ஒவ்வொரு மேல்துளையிலும் ஒரு தீநாக்கு உள்நோக்கி நீண்டது. விறகைத் தொடாமல் தீ அந்தரத்தில் நின்றதைக் கண்டு மச்சான் கேலியை நிறுத்தினார். அரை லிட்டர் தண்ணீர் பத்து நிமிடத்துக்குள் கொதித்தது.

அடுத்த குவளைக்காக, தீ அணையும் தறுவாயில் அவர் ஒரு கைப்பிடி மூங்கிலை மேலே கொட்டினார். பழையபடி புகை மண்டி, தேநீர் குடித்துக்கொண்டிருந்த யாத்திரிகர்கள் எழுந்து நகர்ந்தார்கள். கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் இடுக்கியோடு வந்து, புகைந்த மூங்கிலைத் தள்ளிவிட்டு, அடியில் சிவந்து கிடந்த கரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் அடுப்பில் போட்டு, எங்கள் இரண்டாவது தேநீரை அதிலேயே வைத்தார்.