குளிக்க வார்த்தும் போகாத மணம்

இரண்டு மாரிக்கு முன்னர் எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஒரு ஆச்சி வந்தார். 82 வயது. நடக்கக்கூடியவர், நல்ல நினைவு, விடிய எழும்பித் தேவாரம் படிப்பவர். வந்த மூன்றாம் நாளே சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாகிவிட்டது. ஒருவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, கோப்பையைத் தூக்கிக்கொண்டு மெல்ல அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். ஆச்சி தனியே இருந்து புட்டையும் வாழைப்பழத்தையும் பிசைந்துகொண்டிருந்த அந்தக் காலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம்? எல்லாரும் செய்வதைத்தான். நாளுக்கு ஒருமுறை குளிக்க வார்த்ததை இரண்டு முறையாக்கினோம். கிணற்றடியில் சுடுதண்ணி கலந்து, சவர்க்காரத்தை மாற்றிப் பார்த்து, டெட்டோல் விட்டு, துவாயால் ஒற்றி, பவுடர் போட்டு, சேலைத் தலைப்பில் ஓடிக்கலோனும் தெளித்தோம். அரை மணி நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் பவுடர் வாசத்துக்கு அடியிலிருந்து அந்த மணம் திரும்பக் கிளம்பும். மீன் வெடில் மாதிரி, ஆனால் அதைவிடக் கனமானது. டெட்டோலும் இரட்டைக் குளிப்பும் சேர்ந்து இரண்டு கிழமையில் அவருடைய கால் தோல் காய்ந்து வெடித்ததுதான் மிச்சம். வயது போனவர்களின் தோலில் எண்ணெய்த்தன்மை ஏற்கெனவே குறைவு, அதையும் நாங்கள் உரசி எடுத்துவிட்டோம்.

"வயசு போனால் இப்பிடித்தான் அக்கா, ஒண்டும் செய்யேலாது" என்று என்னோடு வேலை செய்யும் பிள்ளை சொன்னாள். இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு வசனத்துக்காகத்தான். அது பிழை.

முதுமைக்கென்று ஒரு மணம் இருப்பது உண்மை. 2001இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள், பெயர் 2-நொனெனல். தோலில் ஊறும் சிலவகைக் கொழுப்பு அமிலங்கள் காற்றுப்பட்டுச் சிதையும்போது அது உண்டாகிறது. அவர்கள் பார்த்ததில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் அது இருந்தது. பழைய புத்தகம், நாட்பட்ட எண்ணெய் மாதிரி ஒரு மெல்லிய வாசம். எங்கள் அம்மம்மாவின் சேலைப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதுபோல. 2012இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை செய்தார்கள். இளையவர், நடுவயதினர், 75 தாண்டியவர் என மூன்று கூட்டத்தின் உடல்மணத்தை, யாருடையது என்று சொல்லாமல் ஆட்களுக்கு மணக்கக் கொடுத்தபோது, முதியவர்களின் மணம்தான் மற்ற இரண்டையும்விட மென்மையானது, அருவருப்புக் குறைந்தது என்று மணந்து பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒரு ஆச்சியோ அப்புவோ பக்கத்தில் இருக்க முடியாதளவுக்கு மணத்தால் அது வயதின் மணமாக இருக்காது. வேறு ஏதோ ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

தேடுவதற்கு நான் செய்தது ஒரு எளிய வேலை. ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்ற பிறகு, குளிக்க வார்ப்பதற்கு முன் (குளித்த பிறகு தேடி என்ன பயன்?) சுத்தமான கோஸ் துணித் துண்டுகளால் ஒவ்வொரு இடமாக ஒற்றி எடுத்தேன். காதுக்குப் பின்புறம், கக்கம், மார்பின் கீழ் மடிப்பு, தொப்புள், தொடையிடுக்கு, கால்விரல் இடைகள். ஒவ்வொரு துண்டையும் கழுவிக் காயவைத்த ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டு மூடி, மேலே பேப்பர் ஒட்டி எழுதினேன். அறைக்குள் நிற்கும்போது எல்லா மணமும் ஒன்றாகக் கலந்துவிடும், மூக்கும் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். அதனால் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

ஆறு போத்தலில் ஐந்தில் ஒன்றுமில்லை. தொடையிடுக்குப் போத்தலைத் திறந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டேன். துணியில் மெல்லிய பழுப்பும் இளஞ்சிவப்புமாக ஒரு கறை.

சலத்தில் கிருமி என்று நினைத்து அதற்கு முன்னரே ஒரு தடவை மருந்து எடுத்துக் கொடுத்திருந்தோம், பலனில்லை. அன்றிரவு ஆச்சிக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"ஆச்சி, கீழ ஏதும் கரைச்சல் இருக்கோ?"

நெடுநேரம் பேச்சில்லை. நான் சீப்பில் சிக்கிய மயிரை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அடி இறங்கினதுக்கு ஒரு வளையம் வச்சவை, பிள்ளை. கொழும்பில, மகளோட இருக்கேக்கை."

"எப்ப ஆச்சி?"

"பேரனுக்கு அப்ப அஞ்சு வயசு."

அந்தப் பேரன் இப்போது கனடாவில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான்.

கருப்பை இறக்கத்துக்கு வைக்கும் அந்த வளையத்தைப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும், கழுவவோ மாற்றவோ வேண்டும். விட்டால் உள்ளே உரசிப் புண்ணாகும், கழிவு வடியும், மணக்கும். வருடக்கணக்கில் விட்டால் தசைக்குள்ளேயே பதிந்தும் போகலாம். மகள் வெளிநாடு போனபோது ஆச்சி ஊருக்குத் திரும்பினார், கிளினிக் துண்டு கொழும்பில் தங்கிவிட்டது. "அது அப்பிடியே இருக்கிற சாமான் எண்டு நினைச்சன்" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? எங்கள் இல்லத்தின் அனுமதிப் படிவத்தில் பிரஷர், சீனி வருத்தம், கண்ணாடி, கட்டுப்பல் எல்லாம் இருந்தது, இதைக் கேட்க ஒரு வரி இருக்கவில்லை. படிவத்தை நிரப்பியதும் ஒரு ஆண் எழுதுநர். அந்த மேசைக்கு முன்னால் இருந்து எந்த ஆச்சி இதைச் சொல்வார்?

பெண்நோய் டொக்டர் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் அதை எடுத்தார். மருந்தும் பூசும் கிறீமும் தந்தார். மூன்றாம் கிழமை அந்த மணம் அடியோடு இல்லை. நாங்கள் குளிக்க வார்ப்பதையும் பழையபடி ஒருமுறையாக்கி, காலுக்குத் தேங்காயெண்ணெய் பூசத் தொடங்கினோம்.

அதற்குப் பிறகு நான் எல்லாரையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு ஐயாவுக்கு நாலாம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, உள்ளே ஒரு வெடிப்பு இருந்தது. சீனி வருத்தத்தில் கால் விறைத்துப்போனதால் அவருக்கு நோவே தெரியவில்லை, மணம்தான் எங்களுக்குச் சொன்னது. அதை இன்னும் ஒரு மாதம் பவுடரால் மூடியிருந்தால் விரல் போயிருக்கும் என்று கிளினிக்கில் பேச்சு வாங்கினோம். இன்னொருவருக்கு இரவிலும் கழற்றாத கட்டுப்பல். சில பேருக்கு நாட்பட்ட மலச்சிக்கல், உள்ளே இறுகிக் கிடக்க அதைச் சுற்றித் தண்ணியாகக் கசியும். வயிற்றோட்டம் என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்துவிடுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

சலத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவில் எழும்பக் கஷ்டம், பிள்ளைகளைக் கூப்பிடக் கூச்சம் என்று பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். எங்கள் வெயிலில் சலம் தடித்து மஞ்சளாகிப்போகும். ஒரு சொட்டு உடுப்பில் பட்டாலே போதும், அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றிவிடும். காலையிலும் மத்தியானத்திலும் கூடுதலாகக் குடிக்கவைத்து, படுக்கைக்குப் பக்கத்தில் சலப் போத்தலும் ஒரு மணியும் வைத்ததும் இரண்டு அறைகளின் மணம் பாதியாகக் குறைந்தது.

ஆள் மணக்காமல் பொருள் மணப்பதும் உண்டு. ஒரு அப்புவைத் தோட்டத்தில் நடக்கவிட்டால் ஒரு மணமும் இல்லை, அவருடைய கதிரையில் இருத்தினால் மணக்கும். கதிரையின் ஸ்பொஞ்சை வெட்டிப் பார்த்தால் வருடக்கணக்கான சலம். அதைத் தூக்கி எரித்துவிட்டு நைலோன் பின்னல் கதிரை வாங்கினோம். உடுப்பும் அப்படித்தான். எங்கள் மண் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணியில் கல்சியம் கூட, கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் சாம்பல் நிறப் படலமாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு எண்ணெயும் அதோடு சேர்ந்து தங்கிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் உள்கொடியில் இரண்டு நாள் காயாமல் கிடந்தால் பிறகு தோய்த்து என்ன, தோய்க்காமல் என்ன. இப்போது சலவைத்தூளில் ஊறவைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி விடுகிறோம். மாரியில் பீலித் தண்ணியைத் தொட்டியில் பிடித்து அதிலேயே அலசுகிறோம். வித்தியாசம் துணியைத் தொட்டாலே தெரிகிறது.

வெளிநாட்டிலிருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீடியோ கோலில் மணம் தெரியாது. "அம்மாவை வடிவாக் குளிக்க வார்க்கிறீங்களோ?" என்று கேட்பதைவிட, அம்மாவுக்கு முன்னர் என்ன ஒப்பரேசன் நடந்தது, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள், எந்தக் கிளினிக் துண்டு உங்கள் அலுமாரியில் கிடக்கிறது என்று தேடி, படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவிடமே "நீங்கள் மணக்கிறீங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வயது போகப்போக மூக்கும் மங்கும், தங்கள் மணம் அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் அவமானப்பட்டு, நனைந்த உடுப்பைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கத் தொடங்குவார்கள். அதைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

எங்கள் படிவத்தில் இப்போது ஒரு பக்கம் கூட்டியிருக்கிறோம். ஆச்சிமாருக்கு அதைப் பெண் பிள்ளைகள்தான், அறைக்குள், கதவைச் சாத்திவிட்டுக் கேட்பார்கள்.

இப்போது இன்னொரு ஐயா இருக்கிறார். இரண்டு கிழமையாகத் தேடுகிறேன். கால் சுத்தம், வாய் சுத்தம், உடுப்பை எல்லாம் மாற்றியாயிற்று, கதிரையும் மாற்றியாயிற்று. நேற்று அவருடைய தலையணை உறையின் இடதுபக்கத்தை மட்டும் தனியே மணந்து பார்த்தேன், அங்கேதான். காதுக்குள் டோர்ச் அடித்தால் மெழுகுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ மினுங்குகிறது. குச்சி விட்டுத் தோண்ட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு ஓட்டோ வரும், காது கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.