நிழல்ல நிக்க வைக்காதீங்கண்ணா

தென்னாப்பிரிக்கா டர்பன்ல கல்யாணம், காவடி, 21வது பிறந்தநாள் பார்ட்டின்னு படம் எடுத்துத்தான் என் பொழப்பு ஓடுது. அதுக்கு நடுவுல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிற திருநங்கை, திருநம்பி பசங்களையும் எடுக்கிறேன், எல்லாரும் 18 தாண்டினவங்க.

இவங்களப் பத்தி பத்திரிகைல வந்தா பெரும்பாலும் ஒரே மாதிரிதான், ஜன்னல் ஓரம், எதிர் வெளிச்சம், கறுப்பா ஒரு உருவம். பாதுகாப்புக்காக முகத்த மறைங்கன்னு அவங்களே சொன்னா மறைச்சுதான் ஆகணும், அதுல பேச்சே இல்ல, ஆனா கேக்காமலேயே மறைச்சா ஏதோ குத்தவாளி மாதிரி ஆயிடுதே, அதான் மனசு ஆறல. பக்கத்துல உம்லாசில பொறந்த ஃபோட்டோ கலைஞர் சனேலி முஹோலி 2006ல இருந்து கறுப்பின லெஸ்பியன் பெண்களையும் திருநர்களையும் கேமராவ நேரா பாக்க வச்சு எடுத்துட்டு வர்றாங்க, அந்தப் பார்வைய தாண்டி நம்மால சும்மா போக முடியாது.

சாட்ஸ்வொர்த்ல ஒரு பொண்ணு, ஆயாகூட இருக்கா. "அண்ணா, நிழல்ல நிக்க வைக்காதீங்க"ன்னு முதல்லயே சொல்லிட்டா. சாமி விளக்குக்கு சாமந்திப்பூ கட்டிக்கிட்டே பேசினா, நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா, அதத்தான் எடுத்தேன். அப்புறம் ஐடி கார்ட காட்டினா. இங்க ஐடி நம்பர் 13 இலக்கம், அதுல ஏழாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் உள்ள நாலு இலக்கம் 5000க்கு கீழ இருந்தா பெண், 5000லயிருந்து மேல போனா ஆண். அவளோடது 5ல ஆரம்பிக்குது. பேங்க்ல கவுண்டர்ல இருக்கிறவங்க கார்டப் பாக்கிறாங்க, மூஞ்சியப் பாக்கிறாங்க, திரும்ப கார்டப் பாக்கிறாங்க, பின்னாடி வரிசைல நிக்கிறவங்க எல்லாம் எட்டிப் பாக்கிறாங்க. நம்பர் வெளிய தெரியக்கூடாதுன்னு அவ கட்டைவிரல அது மேல வச்சு அழுத்திப் பிடிச்சா, நகத்துல மஞ்சள் சாயம் ஒட்டியிருந்துச்சு, படம் அதுதான்.

சட்டம் இல்லாம இல்ல. 1996 அரசியல் சாசனத்துலயே பாலினத்த வச்சு பாகுபாடு கூடாதுன்னு இருக்கு, 2003ஆம் வருஷத்து 49ஆம் எண் சட்டப்படி ஆபரேஷன் பண்ணாமலே, ஹார்மோன் சிகிச்சை எடுத்தவங்களும் டாக்டருங்க ரிப்போர்ட்டோட ஆவணத்துல பாலினத்த மாத்திக்கலாம். ஆனா அந்த ரிப்போர்ட் வாங்கவே காசு, லீவு, டாக்ஸி சார்ஜ், எல்லாத்துக்கும் மேல வீட்ல ஒருத்தராவது கூட நிக்கணும், வேலையே கிடைக்காத பிள்ள இதுக்கெல்லாம் எங்க போகும்?

எடுத்த படத்துல எது வெளிய போகணும்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. ஒரு பையன், திருநம்பி, சலூன்ல முதல் தடவ தாடி ஒதுக்கிக்கிட்டு கண்ணாடியப் பாத்து சிரிச்ச படம், நான் எடுத்ததுலயே ரொம்ப நல்ல படம்னு சொல்வேன். மாமா ஒருத்தர் பாத்துட்டு வீட்ல பெரிய சண்டை, "படத்த நீக்கிருங்கண்ணா"ன்னு ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான், அப்பவே நீக்கிட்டேன். சம்மதக் கையெழுத்து வாங்கியாச்சேன்னு வாதாட எனக்கு மனசு வரல, அந்த வீட்ல இருக்கப் போறது அவன்தானே. இப்ப பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ரூம் எடுத்து படிக்கிறான், திரும்ப எடுக்கலாமான்னு அவனாவே கேட்டிருக்கான், லீவு நாளாப் பாத்து போகணும்.