மூக்கு வழியே எடுத்த கட்டி: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 2

நாளை ஒரு பிட்யூட்டரி கட்டி அறுவை; மூளைக்கு அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியில் வளர்ந்தது. 2.6 செ.மீ., ஹார்மோன் சுரக்காத வகை. மேல்நோக்கி வளர்ந்து பார்வை நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்தை நெருக்குவதால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் மங்கல். பார்வைப் புலச் சோதனை முடிந்தது. ரத்தத்தில் காலை 8 மணி கார்ட்டிசோல் (உடம்பின் ஸ்டீராய்டு ஹார்மோன்) அளவும் எடுத்தாகிவிட்டது. இந்த இரண்டும் கோப்பில் இல்லையென்றால், "முன்னைக்கு இப்போது தேவலையா?" என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 3

மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு காற்றறையைத் திறந்து, பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் குழியின் தரை எலும்பைத் தேய்த்து எடுத்து, உறையைக் கீறினால் கட்டி. பெரும்பாலும் தயிர்ப் பதம். உறிஞ்சியாலும் சுரண்டியாலும் வந்துவிடும். வரிசைதான் முக்கியம்: முதலில் கீழ்ப்பகுதி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பகுதி. மேலே அவசரப்பட்டால் மெல்லிய சவ்வு தொப்பென்று இறங்கி மிச்சக் கட்டியை மறைத்துவிடும். அந்தச் சவ்வு கிழிந்தால் மூளைத் தண்டுவட நீர் ஒழுகும். இன்று கொஞ்சம் ஒழுகியது. வயிற்றுக் கொழுப்பை வைத்து, மூக்கின் நடுச்சுவர் உள்தோலை அதன் ரத்தக் குழாயோடு திருப்பி மேலே போர்த்தினார்கள். 2006இல் வெளிவந்த இந்த முறைக்குப் பிறகுதான் பெரிய ஓட்டைகளிலும் ஒழுக்கு வெகுவாகக் குறைந்தது.

மாலையில் நோயாளியின் மகள் கேட்டது: "முழுசா எடுத்தாச்சா மிஸ்ஸி?" (சிங்கப்பூரில் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) இடது பக்கம், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒட்டி மெல்லிய ஏடு போல் ஒன்றை விட்டிருக்கிறார்கள். அதைத் துரத்திப் போனால் தமனி கிழியலாம், கண்ணை அசைக்கும் நரம்புகள் போகலாம். விட்டது தோல்வி இல்லை என்பதை உட்காரவைத்து, படம் வரைந்து சொல்ல வேண்டும். நடைபாதையில் நின்றபடி சொல்லக் கூடாது.

மார்ச் 4

படுக்கைக்கு மேலே சிவப்பு எழுத்தில்: மூக்கில் டியூப் கூடாது, சிபேப் (முகமூடி வழியே காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) கூடாது. டியூப் அந்த ஓட்டை வழியே மூளைக்குள் போய்விடும்; சிபேப் மண்டைக்குள் காற்றை ஏற்றிவிடும்.

ஒவ்வொரு மணிக்கும் ஒரு கண்ணை மூடி நாலு மூலையிலும் விரல் எண்ணச் சொல்கிறோம். எண்ணிக்கை திடீரென்று தப்பினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே சிடி.

சிறுநீர் தொடர்ந்து 2 மணி நேரம், மணிக்கு 250 மி.லி.க்கு மேல். அதன் அடர்த்தி 1.005க்குக் கீழே, ரத்தத்தில் சோடியம் 147, இயல்பைவிட அதிகம். மூன்றும் சேர்ந்ததால் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின், ஒரே ஒரு டோஸ். அளவை மட்டும் பார்த்துக் கொடுப்பது தவறு. அறுவையின்போது ஏற்றிய டிரிப் நீரும் இப்படித்தான் வெளியேறும். அப்போது சோடியம் ஏறாது.

மார்ச் 6

சோடியம் 140. குனியச் சொல்லிப் பார்த்தோம், மூக்கில் நீர் சொட்டவில்லை. சொட்டினால், தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளைத் தண்டுவட நீர்தானா என்று காட்டும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நாளை வீட்டுக்கு. மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், உறிஞ்சுகுழல் வேண்டாம், மலம் கழிக்க முக்காமல் இருக்க லாக்டுலோஸ் மலமிளக்கி.

மார்ச் 10

அறுவைக்குப் பின் ஏழாம் நாள், திரும்ப வந்திருக்கிறார். சோடியம் 127க்கு இறங்கிவிட்டது, தலைவலி, குமட்டல், ஒரே தூக்கம். வார்டில் எல்லாம் நல்லபடியாகப் போனவருக்கும் இது வரும். முதல் நாட்களில் நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் குறையும். 4 முதல் 10 நாளுக்குள் அதே ஹார்மோன் கட்டுப்பாடில்லாமல் கசிந்து, குடித்த நீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். வீட்டில் "ஆபரேஷன் சூடு தணியட்டும்" என்று பார்லித் தண்ணீர், தேக்கா சந்தையிலிருந்து இளநீர், போதாததற்கு இரண்டு லிட்டர் பாட்டில். பாசத்தில் கொடுத்ததுதான், அவர்களைக் கடிந்து பயனில்லை. வீட்டுக்கு அனுப்பும் தாளில் "நிறைய நீர் அருந்துங்கள்" என்ற பொது வரி அடித்து நீக்கப்படாமல் இருந்திருக்கிறது. அதுதான் பிழை. இப்போது குடிநீர் நாளுக்கு 1 லிட்டர்தான், 6 மணிக்கொரு ரத்தச் சோதனை. வலிப்பு வந்திருந்தால் அடர் உப்புக் கரைசல் ஏற்ற வேண்டியிருக்கும்.

மார்ச் 13

சோடியம் 136. புதிய தாளில் தமிழில் கையால் எழுதியது: தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், 7ஆம் நாள் ரத்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள், எழுப்பினாலும் மயக்கம் தெளியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.

ஜூன் 9

மூன்று மாத எம்ஆர்ஐ. இதற்கு முன் எடுத்தால் வீக்கமும் வைத்த கொழுப்பும் கட்டி போலவே தெரியும். இடப்பக்க ஏடு அப்படியே இருக்கிறது, வளர்ந்தால் கதிர்வீச்சு. வெளிப்பக்கப் பார்வை வலக்கண்ணில் முழுக்கவும் இடக்கண்ணில் பாதியும் திரும்பியிருக்கிறது. காலைக் கார்ட்டிசோல் இன்னும் குறைவு, அதனால் அதற்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தொடர்கிறது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு உடனே அவசரப் பிரிவு. மகளின் பர்சிலும், இவர் ஸ்டீராய்டு எடுப்பவர் என்று சொல்லும் ஒரு ஸ்டீராய்டு அட்டை வைத்தாயிற்று.