ஒரே வகை பிளாஸ்டிக்கால் ஆன பவுச்சுக்கு மாறுகிறீர்களா? சீலில்தான் மாட்டுவீர்கள்

பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), அலுமினியம், பாலித்தீன் மூன்றையும் ஒட்டிய பவுச்சை மறுசுழற்சிக்கு யாரும் வாங்குவதில்லை. அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. அதனால்தான் முழுக்கப் பாலித்தீனுக்கு மாறினோம். பிலிம் தேர்வும் டிசைனும் ஒரே வாரத்தில் முடிந்தன. உயிரை வாங்கியது சீல், அதாவது பவுச்சின் ஓரங்களைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் வேலை.

“மெஷினைத் தொடவே வேண்டாம், ரோலை மாற்றிப் போட்டால் போதும்” என்று பிலிம் கொடுத்தவர் சொன்னதை நம்பியிருக்கக் கூடாது. பழைய பவுச்சின் வெளியடுக்கான பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் பாலித்தீனுக்கு 110 போதும். அதனால் 160 வைத்து வேகமாக ஓட்டினாலும் வெளிப்புறம் அசையாது. புதியதில் இரண்டு பக்கமும் பாலித்தீன். அதே 160-இல் போட்டதும் பிலிம் மெஷினின் ஜாவில் (பிலிமை அழுத்திச் சீல் போடும் சூடான தாடை) ஒட்டி, சுருங்கி, நூல்நூலாக இழுபட்டது. ஒரு ரோல் முழுக்கக் குப்பைக்குப் போனது.

வெளியடுக்குக்கு நீளவாக்கில் இழுத்து உறுதியாக்கிய பாலித்தீன், உள்ளே குறைந்த சூட்டில் ஒட்டும் மெட்டலோசீன் ரகப் பாலித்தீன் என்று கேட்டு வாங்குங்கள். சூட்டை ஐந்தைந்து டிகிரியாக இறக்குங்கள். எங்களுக்கு 125-இல் நின்றது. ஜாவில் புது டெஃப்லான் துணி மாட்டி, அழுத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும். வேகம் குறையத்தான் செய்யும், அதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே காட்டும் எண்ணையும் நம்பாதீர்கள்: எங்கள் ஜாவின் ஓரங்கள் நடுப்பகுதியைவிட 12 டிகிரி குறைவாக இருந்தன, மூலையில் கசிந்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு கசிவு பார்வைக்குத் தெரியவில்லை. பவுச்சுக்குள் கலர் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்த பிறகுதான், சீலில் மாட்டிக்கொண்ட ஒரு துளிப் பொடியைச் சுற்றி மயிரிழை போலச் சாயம் ஓடியது தெரிந்தது.

அலுமினியம் போனால் ஆக்சிஜனைத் தடுக்க ஈவிஓஎச் (EVOH) என்ற பிளாஸ்டிக் அடுக்கு வேண்டும். மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் வையுங்கள், மீறினால் மறுசுழற்சியில் சிக்கல். ஈரம் பட்டால் அதன் தடுப்புத் திறன் விழுந்துவிடும் என்பதால் பாலித்தீனுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த அடி சான்றிதழில். பவுச்சிலிருந்து உணவுக்குள் ரசாயனம் இறங்குகிறதா என்று பார்க்கும் மைக்ரேஷன் டெஸ்ட் ரிப்போர்ட் அச்சடிக்காத பிலிமுக்கு எடுத்தது. மையும் பசையும் சேர்ந்த பவுச்சுக்கு அது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் 40 டிகிரியில் 10 நாள் சோதனை. முடிந்த பவுச்சையே கொடுத்திருந்தால் அலைச்சலே இல்லை.

ரோல் வந்ததும் உண்மையிலேயே ஒரே பிளாஸ்டிக்தானா என்று பாருங்கள். தண்ணீரில் மிதந்தால் சரி என்பார்கள். 12 மைக்ரான் பெட்டுடன் 75 மைக்ரான் பாலித்தீன் சேர்ந்தாலும் மிதக்கத்தான் செய்யும். 150 டிகிரி சூட்டுத் தட்டில் ஒரு துண்டை வையுங்கள். அசல் பாலித்தீன் முழுதாக உருகிவிடும். பெட் இருந்தால் மேல்தோல் உருகாமல் அப்படியே நிற்கும்.