ஃபேக்ஸில் அனுப்பவும்

2025 மே 6, செவ்வாய்க்கிழமை. காலையில் தபால் பெட்டியைத் திறந்தால் ஜன்னல் வைத்த சாம்பல் நிற உறை. அந்த மாதிரி உறையைப் பார்த்தாலே இங்கே ஜெர்மனியில் இருக்கிற நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்துதான். என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க ஜனவரியிலேயே விண்ணப்பித்திருந்தேன். இன்னும் இரண்டு காகிதம் வேண்டுமாம். தபாலில் அனுப்பலாம், அல்லது ஃபேக்ஸில் அனுப்பலாம்.

ஃபேக்ஸ்! கடைசியாக நான் அதைப் பார்த்தது மதுரை சிம்மக்கல்லில், ஒரு எஸ்டிடி பூத்தில். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சுருண்டு சுருண்டு வரும் வழவழப்பான தாளை பூத் அண்ணன் ஸ்கேல் வைத்துக் கிழித்துக் கொடுப்பார். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். எழுத்து மங்கிவிடும் என்று அப்பா உடனே பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஜெர்மனியில் சமையலறை மேசையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, அப்பாவின் அந்தச் சட்டைப் பையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் டிவியில் பதவியேற்பு. ஃபிரீட்ரிஷ் மெர்ஸ் நாடாளுமன்ற ஓட்டெடுப்பின் முதல் சுற்றில் ஆறு ஓட்டில் தவறி, இரண்டாம் சுற்றில் சான்சலரான (நம்மூர்ப் பிரதமர் மாதிரி) நாள் அது. டிஜிட்டலுக்கும் அரசு நவீனமயமாக்கலுக்கும் என்று புதிதாக ஒரு அமைச்சகம். அமைச்சர் கார்ஸ்டன் வில்ட்பெர்கர். "நாம வாஷிங் மெஷின் வாங்கின கடைக்கு இவர்தான் தலைவரா இருந்தார்" என்றார் வீட்டுக்காரர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் வந்த வழி எனக்கு உண்மையாகவே வியப்பாக இருந்தது. 1969இல் கீஸனில் பிறந்தவர். இயற்பியல் படித்து, ஆஹனில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்புறம் ஆலோசனை நிறுவனம், பிரிட்டனில் டி-மொபைல், ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா என்று தொலைபேசி நிறுவனங்கள், எசனில் ஈ.ஓன் மின்சார நிறுவனத்தின் நிர்வாகக் குழு. 2021 ஆகஸ்டில் மீடியாமார்க்ட், சாட்டர்ன் கடைகளை நடத்தும் செக்கோனமியின் தலைமை. ஐரோப்பா முழுக்க ஆயிரம் கடைகள். அமைச்சர் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, தேர்தலிலும் நின்றதில்லை. மெர்ஸ் கூட இடையில் கம்பெனிப் பக்கம் போனவர்தான், ஆனால் அவர் அரசியலிலிருந்து போய் அரசியலுக்கே திரும்பியவர். இவர் அப்படியில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்தவராயிற்றே, எங்காவது ஒரு கவுன்டரில் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றிருப்பார் என்று ஒரு நம்பிக்கை எனக்கு.

எங்கள் மதுரையிலும் ஒருவர் உண்டே. லேமன் பிரதர்ஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் என்று வங்கிகளில் இருந்துவிட்டு வந்த பழனிவேல் தியாகராஜன். 2016இல் மதுரை மத்தியில் ஜெயித்து, 2021இல் நிதி அமைச்சராகி, 2023இல் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாறினார். ஆனால் அவர் தாத்தா பி.டி. ராஜன் அந்தக் காலத்து முதலமைச்சர், அப்பா சபாநாயகர். வீட்டிலேயே அரசியல் இருந்தது. இ-சேவை மையங்கள் அந்தத் துறையின் கீழ்தான். அப்பா போன பிறகு அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு அங்கேதான் எழுதிக் கொடுத்தாள். அலையாமல் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பம் விஏஓவிடம் இருக்கிறதா, ஆர்ஐயிடமா, தாசில்தாரிடமா என்று இங்கிருந்தே போனில் பார்த்து அம்மாவுக்குச் சொன்னேன்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். 2021 நவம்பரில், நாங்கள் வந்து இறங்கிய மாதம், அந்தச் சிவப்புப் பலகைக் கடையில் வாஷிங் மெஷின் வாங்கினோம். கிடங்கை விட்டுக் கிளம்பியது, வண்டியில் ஏறியது, பத்து மணிக்குள் வரும் என்று போனுக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது. மெஷின் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மூன்றரை வருடம் கழித்து என் அட்டை எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பழைய அட்டை ஏப்ரலில் முடிந்துவிட்டது. இடைக்காலத்துக்கு ஒரு தாள் தருவார்கள், அது கையில் இருந்தால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். அதற்கும் டெர்மின், அதாவது நேரில் போக முன்பதிவு, கிடைக்கவில்லை.

மே மாதம் தங்கைக்கு வளைகாப்பு. நான் போகவில்லை. வாட்ஸப்பில் பார்த்தேன். சித்தி போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் பாதி நேரம் விசிறியைத்தான் காட்டினாள். ஆனால் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக வளையல் போடப் போட, கை கனத்து அந்தச் சத்தம் மாறும் இல்லையா, அது கேட்டது. அக்கா போட வேண்டிய முறைக்குப் பெரியம்மா மகள் போட்டாள்.

இந்த நாடு இதையெல்லாம் எப்போதோ சரிசெய்வதாகச் சொன்னதுதான். 2017இல் ஒரு சட்டம் போட்டு, 575 அரசுச் சேவைகளை 2022 முடிவதற்குள் இணையத்தில் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முடியவில்லை. காரணம் சோம்பல் இல்லை. ஜெர்மனியில் 500க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அலுவலகங்கள். ஒவ்வொன்றும் அந்தந்த நகராட்சியின் அல்லது மாவட்டத்தின் கையில். மென்பொருளும் ஊருக்கு ஊர் வேறு. கடைத் தலைவர் ஓர் உத்தரவு போட்டால் ஆயிரம் கடையிலும் நடக்கும். அமைச்சர் பெர்லினில் இருந்து சொன்னால் எங்கள் ஊர் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் வில்ட்பெர்கரை நம்புகிறேன். 2027 தொடக்கத்தில் அடையாள அட்டையைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளும் வசதி வரும் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் வேலைக்காரர்களுக்கென ஒரே இடத்தில் எல்லாவற்றையும் முடிக்கும் நிறுவனம் அமைப்பதாகக் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். அவர் பெயர் செய்தியில் வந்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து கேட்கிறேன்.

என் அட்டை செப்டம்பரில் வந்தது. இப்போது எனக்கு இங்கே பழகிவிட்டது. எல்லாக் காகிதத்தையும் ஓர்ட்னர் என்கிற தடித்த ஃபைலில் துளை போட்டுக் கோத்து, முதுகில் வருடம் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவின் ஜெராக்ஸ்களும் இப்படித்தான் இருக்கும், பச்சை நூல் போட்டுக் கட்டி.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். எனக்கென்று வந்த வளையல்களை அம்மா பீரோவில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாளாம். நேற்று போனில் எண்ணிச் சொன்னாள்: பச்சை ஆறு, சிவப்பு ஆறு, ஒன்று விரிசல்.